இருபத்தொன்றில் மூடும் கதவு

சிவகாசிப் பக்கம் தொழிற்சாலையை யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை, ஆபீஸ் என்பார்கள். தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ். விஸ்வநத்தம், திருத்தங்கல் வட்டாரத்தில் இன்று ஐம்பதைத் தொடுகிறவர்களில் பலருக்குச் சிறுவயது கழிந்தது அந்த ஆபீஸில்தான். விடியுமுன் கிராமத்துக்கு வண்டி வரும். தூக்கம் கலையாத பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். கட்டையில் வரிசையாக வெட்டிய பள்ளங்களில் குச்சியை ஒவ்வொன்றாகப் பொருத்தி அடுக்க வேண்டும்; சாயங்காலம் எத்தனை கட்டை என்று எண்ணிக் கூலி. பிஞ்சு விரலுக்குத்தான் அந்த வேகம் வரும் என்று பெரியவர்கள் கூசாமல் சொன்ன காலம் அது. 1985 டிசம்பர் கணக்குப்படி சிவகாசியின் பதிவுபெற்ற 221 தீப்பெட்டி ஆலைகளில் 27,338 பேர் வேலை பார்த்தார்கள், அவர்களில் 2,941 பேர் குழந்தைகள் என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பே எழுதி வைத்திருக்கிறது. கணக்கில் வந்த பிள்ளைகள் மட்டும் அத்தனை பேர். எம்.சி. மேத்தா எதிர் தமிழ்நாடு அரசு என்ற அந்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று வந்த தீர்ப்பு, சட்டத்தை மீறிக் குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. அந்த வீட்டில் வயதுவந்த ஒருவருக்கு அரசு ஒரு வேலை தேடித் தர வேண்டும். முடியாவிட்டால் தன் பங்காக 5,000 ரூபாய் போட வேண்டும். மொத்தத் தொகையின் வட்டி பிள்ளையின் படிப்புக்கு.

அந்தத் தீர்ப்பு கேட்காமல் விட்ட கேள்விகளைத்தான் கவனிக்க வேண்டும். பிள்ளைக்கு விரல் வெந்ததா, மூச்சுக் கோளாறு வந்ததா, மேஸ்திரி அடித்தாரா, அடித்தார் என்றால் எந்தத் தேதியில், பார்த்தது யார்? ஒன்றையும் கேட்கவில்லை. அந்த இடத்தில் அந்தப் பிள்ளை இருந்தது என்பதே கேட்டுக்குச் சான்று. கேடு இருந்தால் ஈடும் உண்டு. மத நிறுவனங்கள் நடத்திய இல்லங்களில் அடியும் பட்டினியும் பாலியல் வன்முறையும் பட்டு வளர்ந்தவர்களுக்கு எப்படி நியாயம் செய்வது என்று உலகம் முப்பது ஆண்டுகளாக மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருக்கிறது. அதற்கான விடையின் பாதி நம் சட்டத்திலேயே, அதுவும் சிவகாசியின் பெயரால் எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் இங்கே சொல்ல வருவது. மறுபாதி அந்தத் தீர்ப்பு தோற்ற இடத்தில் கிடக்கிறது. ஆய்வாளர் கண்ணில் பட்ட பிள்ளைக்குத்தான் பணம். ஆய்வு வருகிறது என்றதும் பெட்டி ஒட்டுகிற வேலை வீட்டுத் திண்ணைக்கு நகர்ந்தது. குடும்பத்தோடு சேர்ந்து செய்யும் வேலைக்கு 1986ஆம் ஆண்டுச் சட்டமே விலக்குத் தந்திருந்தது. வட்டி நூற்றுக்குப் பத்து என்று வைத்தாலும் 25,000 ரூபாய்க்கு மாதம் இருநூறு ரூபாய் சொச்சம்தான். இவற்றையெல்லாம் விடப் பெரிய ஓட்டை வேறு: 1985இல் பத்து வயதில் கட்டை அடுக்கிய பெண்ணுக்கு 1996இல் வயது 21. தீர்ப்பு வந்த அன்று அவள் குழந்தை இல்லை. ஆகவே அவள் அந்தத் தீர்ப்பிலேயே இல்லை.

இதே ஓட்டைதான் இல்லங்களின் கதையிலும். தமிழ்நாட்டில் ஆதரவற்ற பிள்ளைகளுக்குச் சோறு போட்டுப் படிக்க வைத்ததில் சமய நிறுவனங்களின் பங்கை யாரும் மறுக்க முடியாது. 1876–78 பஞ்சத்துக்குப் பின் பெருகிய மிஷன் அநாதை இல்லங்கள், 1901இல் நெல்லைச் சீமையில் டோனாவூரில் தொடங்கிய பணி, 1905இல் சென்னையில் தொடங்கிய ராமகிருஷ்ணா மாணவர் இல்லம், ஊருக்கு ஊர் எத்தீம்கானாக்கள், மடங்கள் நடத்தும் விடுதிகள் என்று பட்டியல் நீளும். அரசு எட்டிப் பார்க்காத இடத்தில் இவர்கள் நின்றார்கள். அதனாலேயே ‘ஹோம்’ பிள்ளை, ‘போர்டிங்’ பிள்ளை என்றால் வாயைத் திறக்க முடியாத ஒரு கடன் பிறப்பிலேயே கழுத்தில் விழுகிறது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிற ஊர் இது. உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவன் என்ற பேரை எடுக்க யார்தான் துணிவார்? மத்திய மகளிர், குழந்தைகள் நலத்துறைக்காக நடந்து 2018இல் வெளிவந்த கணக்கெடுப்பு நாடு முழுக்க 9,589 இல்லங்களையும் அவற்றில் 3.7 லட்சம் பிள்ளைகளையும் எண்ணியது. பத்தில் ஒன்பது இல்லங்கள் அரசு சாராத அமைப்புகளுடையவை. மாநிலங்களில் அதிக இல்லங்கள் இருந்தது தமிழ்நாட்டில்: 1,647. இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் பதிவு செய்தவை, நாடு தழுவிய கணக்கில், மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை.

இந்த நாட்டில் இல்லங்கள் பற்றிய பெரிய தீர்ப்பு பிறந்ததும் தமிழ்நாட்டு மண்ணிலிருந்துதான். மாமல்லபுரம் பகுதி அநாதை இல்லங்களில் பிள்ளைகள் பாலியல் சுரண்டலுக்கு ஆளாகிறார்கள் என்று 2007 ஜூலையில் ஓர் ஆங்கில நாளிதழில் கட்டுரை வந்தது. அதைச் சுட்டிக்காட்டி ஒருவர் எழுதிய கடிதத்தையே உச்ச நீதிமன்றம் மனுவாக எடுத்துக்கொண்டது. பத்தாண்டு கழித்து, 2017 மே 5 அன்று, நீதிபதிகள் மதன் பி. லோகூரும் தீபக் குப்தாவும் தீர்ப்பு சொன்னார்கள். எல்லா இல்லங்களும் அந்த ஆண்டு முடிவுக்குள் பதிவாக வேண்டும், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் வேண்டும், ஆய்வுக் குழுக்கள் வேண்டும், சமூகத் தணிக்கை வேண்டும். அத்தனையும் தேவையான உத்தரவுகள். இவற்றின் பேரில் பல இல்லங்கள் திருந்தவும் செய்தன, மூடவும் செய்தன. ஆனால் எல்லாமே வரப்போகும் பிள்ளைகளுக்கு. வழக்குக்குக் காரணமான பிள்ளைகள்? 2007இல் பத்து வயதாக இருந்தவருக்குத் தீர்ப்பு நாளில் இருபது. சிவகாசியில் நடந்ததேதான் இங்கும் நடந்தது: வழக்கு விளைந்து வருவதற்குள் பிள்ளை வளர்ந்துவிடுகிறது, வளர்ந்த ஆளுக்குச் சட்டத்தில் இடமில்லை.

இடமில்லை என்பது வாய்வீச்சு அல்ல, எண்ணிப் பார்க்கலாம். சிவில் வழக்குக்கான காலவரையறைச் சட்டப்படி இப்படிப்பட்ட இழப்பீட்டு வழக்குக்குப் பொதுவாக மூன்று ஆண்டு அவகாசம். பாதிக்கப்பட்டவர் சிறார் என்றால் அந்த மூன்று ஆண்டும் பதினெட்டு முடிந்த பிறகு தொடங்கும். ஆக, இருபத்தொரு வயதோடு கதவு மூடிவிடும். வேடிக்கை என்னவென்றால், இல்லத்தை விட்டு வெளியேறும் பிள்ளைக்கு அரசு தரும் பின்பராமரிப்பும் பெரும்பாலும் அதே இருபத்தொன்றில்தான் முடிகிறது. கையில் உள்ள ஊன்றுகோலைப் பிடுங்குவதும் கதவைச் சாத்துவதும் ஒரே நாளில். குற்ற வழக்கின் பக்கம் போனால் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 முதல்தான் அமலில். அதற்கு முந்தைய செயல்களுக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டம்தான் பேசும். அதில் பெண்ணின் மானத்துக்குப் பங்கம் செய்வதற்கு அன்றைக்கு இருந்த தண்டனை அதிகபட்சம் இரண்டு ஆண்டு. அவ்வளவு சிறிய தண்டனைக்குரிய குற்றத்தை மூன்று ஆண்டுக்குள் வழக்காக்காவிட்டால் நீதிமன்றம் பொதுவாக ஏற்கக் கூடாது. கொடிய குற்றங்களுக்குக் காலவரை கிடையாது என்பது உண்மை. ஆனால் முப்பது ஆண்டு கழித்துச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க யாரால் முடியும்? போக்சோ விதிகளில் இடைக்கால இழப்பீடு உண்டு, முப்பது நாளில் கொடுக்க வேண்டும் என்ற கெடுவும் உண்டு. அவை முதல் தகவல் அறிக்கை பதிவாகும் இன்றைய குழந்தைக்கானவை. விருதுநகர் மாவட்டத்தில் நாற்பது வயதுக்காரர் ஒருவர் இதற்காகப் புறப்பட்டால் குழந்தைகள் நலக் குழு அவரைப் பார்த்து ‘உங்களுக்கு வயது கூடிவிட்டதே’ என்றுதான் சொல்ல முடியும். ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றமோ ‘காலம் கடந்துவிட்டதே’ என்றுதான் சொல்ல முடியும். இரண்டு பேரும் சட்டப்படி சரியாகவே சொல்வார்கள்.

இருபத்தொன்று என்ற கெடு எவ்வளவு அபத்தம் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு கணக்கு இருக்கிறது. நிறுவனங்களில் நடந்த குழந்தைப் பாலியல் வன்முறையை விசாரிக்க அங்கே 2013 முதல் 2017 வரை ஒரு ராயல் கமிஷன் அமர்ந்தது. தனியறையில் எட்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கேட்டது. அவர்கள் தமக்கு நேர்ந்ததை முதன்முதலாக ஒருவரிடம் சொல்லச் சராசரியாக எடுத்துக்கொண்ட காலம் 23.9 ஆண்டு. பத்து வயதில் நேர்ந்ததை முப்பத்து நான்கில்தான் வாய் திறந்து சொல்கிறார்கள். அதுவும் போலீஸிடமோ நீதிபதியிடமோ அல்ல, யாரோ ஒருவரிடம். அவ்வளவு வெளிப்படையாகப் பேசும் சமூகத்தில் இந்த நிலை என்றால், கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் மானம் ஒன்றையே முதலாக வைத்துப் பிழைக்கும் நம் வீடுகளில் எத்தனை ஆண்டு பிடிக்கும் என்று கணக்குப் போட வேண்டியதில்லை.

பிற நாடுகள் செய்ததைப் பார்க்கும்போது அவற்றின் நல்லதைவிடத் தவறுகளே நமக்கு அதிகம் கற்றுத்தரும். அயர்லாந்தில் தொழிற்பள்ளிகளையும் அநாதை இல்லங்களையும் கத்தோலிக்கச் சபைகள் நடத்தின. தலைக்கு இவ்வளவு என்று அரசு படியளந்தது. தலைக்குப் பணம் வரும் இடத்தில் பிள்ளை ஒரு வரவாகிவிடும். வெளிநாட்டு ‘ஸ்பான்சர்’ பணத்தில் நடந்த நம்மூர் இல்லங்கள் சிலவற்றுக்கும் இது பொருந்தும். 1999இல் மேரி ராஃப்டரி என்ற பத்திரிகையாளர் எடுத்த தொலைக்காட்சித் தொடர் நாட்டை உலுக்க, அந்த மே மாதமே பிரதமர் மன்னிப்புக் கேட்டார். 2002இல் இழப்பீட்டு வாரியம் பிறந்தது. ஆனால் அதே ஆண்டு அரசு பதினெட்டுச் சபைகளோடு ஓர் ஒப்பந்தம் போட்டது: அவை 12.8 கோடி யூரோ பெறுமான பணமும் சொத்தும் தரும், பதிலுக்கு இனிமேல் வரும் வழக்குகளின் சுமை முழுவதும் அரசின் தலையில். மொத்தச் செலவு ஏறக்குறைய 150 கோடி யூரோவைத் தொட்டது. மக்கள் வரிப்பணம் சபைகளுக்காகப் பொறுப்பேற்றது என்று சுருக்கமாகச் சொல்லலாம். அதைவிட மோசம், இழப்பீடு வாங்கியவர் அந்த விவரத்தை வெளியிட்டால் அபராதமும் சிறையும் என்று சட்டத்திலேயே எழுதியது. சின்ன வயதில் ‘வெளியே சொன்னால் தெரியும்’ என்று மிரட்டப்பட்டவர்களை வயதான பின் அரசே அதே வார்த்தையால் மிரட்டியது. இந்தக் கொடுமைகளை விசாரித்த ரயன் கமிஷனின் அறிக்கை 2009 மே மாதம் வந்த பிறகுதான், நடந்தது சில கெட்ட மனிதர்களின் செயல் அல்ல, அந்த ஏற்பாடே அப்படித்தான் ஓடியது என்பது எழுத்தில் நிலைத்தது.

கனடாவின் வழி வேறு. அந்நாட்டுப் பூர்வகுடிப் பிள்ளைகள் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேரைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, திருச்சபைகள் நடத்திய உறைவிடப் பள்ளிகளில் அடைத்த வரலாறு அது. 2006இல் ஏற்பட்டு அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம் இழப்பீட்டை இரண்டு படியாகப் பிரித்தது. அந்தப் பள்ளியில் தங்கியிருந்தார் என்றால் முதல் ஆண்டுக்கு 10,000 டாலர், கூடுதலாக ஒவ்வொரு ஆண்டுக்கும் 3,000 டாலர். வேறு எதையும் நிரூபிக்க வேண்டாம். உடல், பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்குத் தனி விசாரணை. அதில் 38,000க்கு மேற்பட்ட கோரிக்கைகள் வந்தன, 320 கோடி டாலர் அளவுக்குப் பணம் போயிற்று. முதற்படியைப் பாருங்கள்: அங்கே இருந்தார் என்பதே போதும் என்கிறது. பத்தாண்டுக்கு முன்பே சிவகாசித் தீர்ப்பு சொன்னதும் அதுதான். நம் நீதிமன்றம் முன்னோடி. நாம்தான் அதைப் பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் மட்டுமானது என்று மடித்து வைத்துவிட்டோம். கனடாவிலும் கசப்பு உண்டு. கத்தோலிக்க அமைப்புகள் தம்மால் இயன்றவரை 2.5 கோடி டாலர் திரட்டித் தருவதாக ஒப்புக்கொண்டன. திரண்டது நாற்பது லட்சத்துக்கும் கீழே. ‘இயன்றவரை’ என்ற ஒரு சொல்லை ஒப்பந்தத்தில் விட்டுவைத்ததன் விலை அது.

ஆஸ்திரேலியா இந்த இரண்டையும் பார்த்துக் கொஞ்சம் தெளிந்தது. 2018 ஜூலையில் தொடங்கிய அதன் தேசிய இழப்பீட்டுத் திட்டத்தில் உச்சவரம்பு 1,50,000 டாலர். ராயல் கமிஷன் கேட்டது 2,00,000. பணத்தோடு மனநல ஆலோசனையும், நிறுவனத்தின் பொறுப்பாளர் நேரில் உட்கார்ந்து கேட்டு மன்னிப்புச் சொல்வதும் உண்டு. ‘நடந்திருக்க நியாயமான வாய்ப்பு உண்டா’ என்பதே சான்றின் அளவுகோல். முன்பு சிட்னியில் ஒருவர் தொடுத்த வழக்கில், திருச்சபை என்பது வழக்குத் தொடுக்கத்தக்க சட்ட ஆள் அல்ல, சொத்தை வைத்திருக்கும் அறங்காவலர்களும் பொறுப்பல்ல என்று 2007இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தச் சந்தினை மாநிலங்கள் 2018 முதல் சட்டம் போட்டு அடைத்தன. திட்டத்தில் சேராத நிறுவனங்களின் பெயரை அரசு வெளியிட்டது. அறநிறுவனத் தகுதியே போய்விடும் என்றது. அதற்குப் பிறகு பலர் வந்து சேர்ந்தார்கள். நம்மூரில் டிரஸ்ட் ஒரு பெயரில், நிலம் இன்னொரு பெயரில், வெளிநாட்டுக் கணக்கு மூன்றாவது பெயரில் இருப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சந்து புதிதல்ல. அதை அடைக்கும் பூட்டும் நம்மிடமே உண்டு: வருமான வரிச் சட்டம் அறநிறுவனங்களுக்குத் தரும் சலுகைகளும் வெளிநாட்டு நன்கொடைப் பதிவும் அரசு கையில்தானே இருக்கின்றன.

ஆக, இங்கே வேண்டியது மாநில அளவில் ஒரு தனி வாரியம், நீதிமன்றம் அல்ல. குழந்தையாக இல்லத்தில் இருந்து இப்போது வளர்ந்துவிட்டவர் எந்த வயதிலும் அதன் முன் வரலாம். உரிமமோ பதிவோ இல்லாமல் நடந்த இல்லத்திலும், கொடுமை நடந்ததாக ஏற்கெனவே நிலைநாட்டப்பட்ட இல்லத்திலும் இருந்தவருக்கு, சிவகாசித் தீர்ப்பின் வழியில், இருந்ததற்காகவே ஓர் அடிப்படைத் தொகை. அதற்கு மேல் கேட்பவருக்குத் தனியறையில், குறுக்கு விசாரணையின் குரூரம் இல்லாத விசாரணை. பணத்தை முதலில் நிறுவனம் கட்ட வேண்டும். நிறுவனம் கலைந்திருந்தால் அரசு கட்ட வேண்டும். அரசு ஏன் என்றால், 1920இலேயே சென்னை மாகாணம் குழந்தைகள் சட்டம் இயற்றியது. 1960இலேயே நாடாளுமன்றம் அநாதை இல்லங்களைக் கண்காணிக்கச் சட்டம் போட்டது. பார்க்க வேண்டியவர் பார்க்கவில்லை என்றால் அதற்கும் விலை உண்டு. இருந்ததை எப்படிக் காட்டுவது? பள்ளி டி.சி.யில் உள்ள முகவரி, ரேஷன் கார்டில் பெயர் இல்லாத ஆண்டுகள், வெளிநாட்டு ஸ்பான்சருக்கு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எழுத வைத்த கடிதம், அதோடு போன போட்டோ. சொந்தத் தாய் தகப்பனுக்கு ஒரு வரி எழுதாத பிள்ளை முன்பின் தெரியாத ஒருவருக்கு ‘நான் இங்கே சந்தோஷமாக இருக்கிறேன்’ என்று எழுதியிருக்கும். அந்தக் கடிதமே இன்றைக்கு, அங்கே இருந்தேன் என்பதற்கு ஆதாரமாகும்.

இதற்கு வரும் ஆட்சேபங்களில் சில நியாயமானவை. இப்படிக் கணக்குக் கேட்கத் தொடங்கினால் நல்ல இல்லங்களும் மூடிவிடும், பிள்ளைகள் தெருவில் நிற்பார்கள் என்பது ஒன்று. இதே பேச்சைச் சிவகாசியும் கேட்டது: பிள்ளைகளை அனுப்பிவிட்டால் தீப்பெட்டித் தொழில் படுத்துவிடும், ஏழை வீட்டில் அடுப்பு எரியாது என்றார்கள். பெரிய ஆபீஸ்களிலிருந்து பிள்ளைகள் வெளியே வந்தார்கள், தொழில் படுக்கவில்லை. இல்லம் மூடுவதையே பேரழிவாகப் பார்ப்பதும் சரியல்ல. குடும்பத்திலோ வளர்ப்புக் குடும்பத்திலோ பிள்ளை இருப்பதே மேல், இல்லம் கடைசி வழி என்பதுதான் இளைஞர் நீதிச் சட்டத்தின் போக்கும். மதச் சுதந்திரத்தில் கைவைப்பது, குறிப்பாகச் சிறுபான்மையினரைக் குறிவைப்பது என்பது இன்னும் கனமான ஆட்சேபம், அதை லேசாகத் தள்ள முடியாது. ஒரு மதத்தின் இல்லத்தில் ஏதாவது நடந்தால் இன்னொரு தரப்பு பிள்ளையை மறந்துவிட்டு மதமாற்றம் பற்றிப் பேச ஆரம்பிப்பதை அடிக்கடி பார்க்கிறோம். பிள்ளையின் காயம் இரண்டாம் முறையும் யாருக்கோ பயன்படுகிறது. இதற்கு மாற்று, எல்லா மதத்து இல்லங்களையும், அரசு நடத்தும் கூர்நோக்கு இல்லங்களையும் விடுதிகளையும், ஒரே வாரியத்தின் ஒரே அளவுகோலில் நிறுத்துவது. பூசைக்கும் ஜெபத்துக்கும் தொழுகைக்கும் அரசியல் சட்டம் தரும் காப்பு, வார்டன் அறையின் தாழ்ப்பாளுக்குக் கிடையாது. கத்தோலிக்கத் திருச்சபையே 2019இல், ஒவ்வொரு மறைமாவட்டமும் புகார் பெற ஏற்பாடு செய்ய வேண்டும் என்று உலகம் முழுவதற்கும் விதி வகுத்தது. வெளியிலிருந்து கேட்டால் மட்டும் அது எப்படி ஆக்கிரமிப்பாகும்?

பொய்க் கோரிக்கை வரும் என்பார்கள். வரும், விபத்துக் காப்பீட்டில் வராததா? அயர்லாந்து வாரியத்துக்கு வந்த 16,600க்கு மேற்பட்ட விண்ணப்பங்களில் 15,500க்கு மேல் இழப்பீடு பெற்றன, சராசரி சுமார் 62,000 யூரோ. மீதி விண்ணப்பங்களுக்குப் பணம் போகவில்லை. சல்லடை வேலை செய்யும். ‘பணம் கொடுத்தால் பட்டது போய்விடுமா’ என்ற கேள்வியைப் பெரும்பாலும் பணம் கொடுக்க வேண்டியவரே கேட்கிறார் என்பதைக் கவனித்தால் போதும். பட்டாசு ஆபீஸ் வெடிவிபத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு அரசு அறிவிக்கும் தொகை உயிரைத் திருப்பித் தராது. அதற்காக யாரும் அதை வேண்டாம் என்று சொன்னதில்லை. காலம் கடந்ததைக் கிளறாதே, அன்றைய வழக்கம் வேறு, எல்லா வீட்டிலும் வாத்தியாரும் அப்பாவும் அடித்தார்கள் என்ற வாதத்துக்கு ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். அப்பா அடித்தால் பாட்டியிடம் ஓடலாம். வாத்தியார் அடித்தால் மாலையில் வீடு உண்டு. இல்லத்துப் பிள்ளைக்கு அடித்தவர்தான் சோறு போடுகிறவர், அவர்தான் கேட்டில் பூட்டுப் போடுகிறவர், ஆய்வுக்கு வரும் அதிகாரியிடம் பிள்ளையைக் கூட்டி வந்து நிறுத்துகிறவரும் அவரே. 2018இல் பீகாரின் முசாபர்பூர் இல்லத்துக் கொடுமை வெளிவந்தது எப்படி என்று பார்த்தால் இது விளங்கும்: டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் தணிக்கைக் குழு பிள்ளைகளிடமே பேசியது. அதுவரை வந்துபோன ஆய்வுகள் அதைக் கண்டுபிடிக்கவில்லை.

வாரியம் அமையச் சட்டமன்றம் கூட வேண்டும், நிதித்துறை முகம் சுளிக்கும், ஆண்டுகள் ஆகலாம். அதற்கு முன் செய்ய வேண்டிய ஒன்று உண்டு, செலவில்லாதது. 2017 தீர்ப்புக்குப் பின் பதிவு பெற முடியாமல் மூடிய இல்லங்களில் அட்மிஷன் ரிஜிஸ்டர்கள் இருந்தன. வந்த தேதி, கொண்டுவந்து விட்டவர் பெயர், வெளியேறிய தேதி, ஸ்பான்சர் எண் எல்லாம் அவற்றில் உண்டு. பிள்ளைகளை வேறு இல்லங்களுக்கோ வீட்டுக்கோ அனுப்பிய பின் கட்டடம் கை மாறும், பீரோ பழைய இரும்புக் கடைக்குப் போகும், காகிதம் எடைக்குப் போகும். அயர்லாந்தில் வாரியத்தின் கோப்புகளை 75 ஆண்டு பூட்டி வைக்க 2019இல் மசோதா கொண்டுவந்தபோது, பாதிக்கப்பட்டவர்கள் எழுந்து எதிர்த்தார்கள். அங்கே சண்டை போடவாவது கோப்பு இருந்தது. மூடிய ஒவ்வோர் இல்லத்தின் பதிவேட்டையும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு கையகப்படுத்தி ஆட்சியர் அலுவலகப் பதிவறையில் வைக்க வேண்டும், அதில் பெயர் உள்ளவர் கேட்டால் அவருடைய பக்கத்தின் நகலைத் தர வேண்டும் என்று ஓர் அரசாணை போட ஒரு நாள் போதும்.